தலையாட்டாத ஓணான்

“நாலு வருஷமா இங்கே இருக்கேன். புதுசா வர்றவங்களுக்குத் தியானம் சொல்லிக்குடுக்க என்னை மட்டும் ஏன் விட மாட்டேங்கறீங்க அம்மா?”

கோதண்டபாணி கேட்டேவிட்டார்.

சென்னையில் முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவர். கரட்டு மலையடியில் தவமணி அம்மாளிடம் சீடராக வந்து சேர்ந்தபோது இவருக்கு அறுபது. அம்மாளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை. இவர் அவரை அம்மா என்பார், அவர் இவரை சார் என்பார்.

“உங்களுக்குச் சொல்லிக்குடுக்க வரும்னு எப்படி நம்பறீங்க சார்?”

“என் கிளாஸ்ல குண்டூசி விழுந்தா கேக்கும். ஒரு பையன் வாயைத் திறந்ததில்லை. அதை விடுங்க, முனியைப் பாருங்க.”

முனி ஓர் ஓணான். முற்றத்தில் குஞ்சாகக் கிடந்ததைக் கோதண்டபாணி எடுத்து, பழைய மீன்தொட்டியில் விட்டு, மூன்று வருஷமாக வெட்டுக்கிளி பிடித்துப் போட்டு வளர்த்தார். பெற்ற மகனுக்காகக்கூட அவர் அத்தனை வெயிலில் அலைந்ததில்லை. முனி மண் நிறத்தில், தொட்டிக் கண்ணாடியைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும்.

“ஓணான்னா தலையாட்டும்பாங்க. முனி இன்னிவரைக்கும் ஒரு தடவை ஆட்டினதில்லை. நான் தியானத்துல உக்காந்தா அதுவும் உக்காந்துக்கும். ஒரு ஓணானே எங்கிட்ட அடங்கிடுச்சு, மனுஷங்க அடங்க மாட்டாங்களா?”

தவமணி அம்மாள் செருப்பை மாட்டிக்கொண்டார்.

“தொட்டியைத் தூக்கிக்கிட்டு வாங்க.”

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. தொட்டியோடு மூச்சு வாங்க மேடேறிய கோதண்டபாணி சட்டென்று நின்றார்.

“அய்யய்யோ, ரத்தம்!”

பாறைமேல் ஓர் ஓணான். தலையும் தொண்டையும் செக்கச்செவேல் என்றிருந்தன.

“எந்தப் பாவி கல்லால அடிச்சானோ!”

“அந்தப் பாறையையும் பாருங்க.”

அங்கே இன்னொன்று. அதுவும் சிவப்பு.

“ரெண்டுக்குமா அடிபட்டிருக்கும்?” என்றார் அம்மாள்.

முதல் ஓணான் முன்னங்காலை ஊன்றி எழும்பி எழும்பித் தலையாட்டியது. மற்றது பதிலுக்கு ஆட்டியது. அப்புறம் ஒரே பாய்ச்சல். இரண்டும் கட்டிப் புரண்டன. ஒன்று தோற்றுப் புதருக்குள் ஓடியது. ஜெயித்தது பாறை உச்சிக்கு ஏறி மறுபடியும் தலையாட்டியது.

கோதண்டபாணி வாய் பிளந்து நின்றார்.

“ஆண் ஓணான் சார். இந்த மாசம் இணை தேடற காலம், இப்படித்தான் சிவந்துடும்.”

“அப்ப முனி?”

“முனியும் ஆண்தான்.”

அவர் தொட்டியைக் கீழே இறக்கினார். அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

“மூணு சித்திரை போயிடுச்சே அம்மா. நான் என்னத்தைப் பார்த்துப் பெருமைப்பட்டேன்!”

தொட்டியைப் பக்கவாட்டில் சாய்த்து வைத்து மூடியை எடுத்தார். முனி அசையவில்லை.

“போடா கண்ணு. போ.”

விரலால் மெல்லத் தள்ளினார். முனி பாறையில் இரண்டடி வைத்தது. மேலே இருந்த சிவப்பு ஓணான் தலையாட்டியது. முனி திரும்பியது. தொட்டிக்குள் ஏறி, பழைய இடத்தில், கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

“போக மாட்டேங்குதே!” அவர் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “திறந்துதானே இருக்கு, ஏம்மா போக மாட்டேங்குது?”

தவமணி அம்மாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டார்:

“உங்க கிளாஸ்ல வருஷத்துக்கு எத்தனை பிள்ளைங்க சார்?”