வாள் ராணி உட்காரும் விதம்

"இந்தச் சீட்டுக்கு என்ன பரிகாரம், டீச்சர்?"

கேட்டவர் ஆளவந்தார். அறுபத்திரண்டு வயது. தபால் ஆபீஸ் வேலை முடிந்த கையோடு, டாரட் சீட்டு எடுத்துக் குறி பார்க்கக் கற்றுக்கொள்ள வந்தவர். சொல்லிக்கொடுக்கிற ஜெசிந்தாவுக்கு முப்பத்தி நாலுதான். புதுச்சேரியில், ஒரு தையல் கடைக்கு மேலே அவளுடைய அறை.

மேஜையில் ஒரே ஒரு சீட்டு இருந்தது. வாள் ராணி. சிம்மாசனத்தில் உட்கார்ந்து, வலது கையில் வாளை நிமிர்த்திப் பிடித்து, இடது கையை முன்னால் நீட்டியிருந்தாள்.

"பரிகாரமா? இது என்ன நாகதோஷமா சார்?"

"விளையாடாதீங்க. என் பொண்ணு ரெண்டு மாசமா போன் பண்ணலை. ஏன்னு கேட்டு ஒரு சீட்டு எடுத்தேன். இவ வந்தா."

"யாரு இவ?"

ஆளவந்தார் நோட்டைத் திறந்து வாசித்தார்.

"கண்டிப்பான பெண். வாக்கு சுடும். கணவனை இழந்தவளாக இருக்கலாம்."

நோட்டை மூடினார்.

"ஓசூர்ல இருக்கிற என் சம்பந்தியம்மா. மூணும் அப்படியே பொருந்துது. நீங்க எழுதச் சொன்னதுதானே?"

"நான் சொன்னதுதான். அப்புறம்?"

"அந்தம்மாவுக்கே போன் போட்டேன். என் பொண்ணு வாயைக் கட்டி வெச்சிருக்கீங்களான்னு கேட்டேன்."

"ஐயோ சார்."

"இப்ப பொண்ணு என் நம்பரையே பிளாக் பண்ணிட்டா."

குரல் இறங்கிவிட்டது.

"ஒரே பொண்ணு, டீச்சர்."

ஜெசிந்தா எழுந்து, மூலையில் கிடந்த குடையை எடுத்து அவர் வலது கையில் கொடுத்தாள்.

"இவ உட்கார்ந்திருக்கிற மாதிரியே உட்காருங்க."

"நானா?"

"மீசை இருந்தா பரவாயில்லை."

அவர் சீட்டைப் பார்த்துப் பார்த்து உட்கார்ந்தார். குடையை நிமிர்த்தி, பிடியை நாற்காலியின் கைமேல் ஊன்றிக்கொண்டார். இடது கையை முன்னால் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம். விரலைத் திறந்து. ஆங், அப்படியே இருங்க. டீ போட்டுட்டு வரேன்."

நிதானமாகத்தான் போட்டாள். திரும்பி வந்தபோது அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

"எந்தக் கை வலிக்குது?"

"இடது."

"கத்தி அதுல இல்லையே?"

"கத்தி நாற்காலி மேல நிக்குது. இது அந்தரத்துல இருக்கில்ல? இறக்கிடட்டுமா?"

"அவ இறக்கலையே."

அவர் சீட்டைக் குனிந்து பார்த்தார். ராணியின் கை யாருக்காகவோ நீண்டிருந்தது. சீட்டில் வேறு யாரும் இல்லை.

"உங்க பொண்ணு கடைசியா என்ன பேசினா, சார்?"

"எப்பவும் பேசறதுதான். 'அப்பா, வந்து நாலு நாள் எங்ககூட இருங்க'ன்னா. கல்யாணமாகி ஆறு வருஷமா இதே பாட்டு. பொண்ணைக் குடுத்த வீட்டுல போய் நான் கை நனைக்கலாமா? மரியாதையா அது?"

"அவகிட்டயும் இதையே சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அதுக்கு அவ?"

"'உங்க மரியாதையை நீங்களே வெச்சுக்குங்க, இனிமே கூப்பிட மாட்டேன்'னு வெடுக்குனு சொல்லிட்டு போனை வெச்சிட்டா. அப்படி ஒரு நாக்கு, அவளு..."

பார்வை சீட்டுக்குப் போனது.

டீயில் ஆடை படிந்தது. நீட்டிய கையை அவர் இன்னும் இறக்கவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வருஷம்," என்றார்.

ஜெசிந்தா டீயை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"உங்க போனைக் கொஞ்சம் குடுங்க, டீச்சர். அந்த வீட்ல என் நம்பரைப் பார்த்தா யாரும் எடுக்க மாட்டாங்க."

கொடுத்தாள். அவர் எண்ணை அழுத்திவிட்டுக் காத்திருந்தார். மறுமுனையில் ஒரு பெண்குரல் யார் என்று கேட்டது.

"சம்பந்தியம்மா, ஆளவந்தார் பேசறேன். வெச்சிடாதீங்க. அன்னிக்குப் பேசினது தப்பு."

தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நாளைக்கு மத்தியானம் உலையில எனக்கும் சேத்து ஒரு பிடி அரிசி போடுவீங்களா?"