முதலாளி விட்டுவிட்ட மீன்

கனடாவின் வடக்கே, சின்ன விமானத்தில் மட்டுமே போகக்கூடிய ஏரிக்கரை மீன்பிடி முகாம். ஏரியின் உறைபனி உருகிய முதல் வாரமே முதலாளி பரராஜசிங்கம் விருந்தாளிகளோடு வந்திறங்கினார். போன வருடம் தான் பிடித்து, இரக்கப்பட்டுத் திரும்ப விட்ட மீனைப் பற்றியே பேச்சு. ஒருவரும் நம்பவில்லை.

முதலாளியின் கோபம் முகாம் சமையல்காரன் குகதாசன் மேல் திரும்பியது. "நாளைக்கு அதே மீனைப் பிடிச்சுக் காட்டு. இல்லாட்டி அடுத்த விமானத்தில ஏறு, உனக்கு வேலை முடிஞ்சுது."

மறுநாள் குகதாசன் சாண் நீள மீனோடு வந்தான்.

"இதுவோ? அது ரெண்டு முழமெல்லோ."

"இதுதான் முதலாளி. நீங்கள் வந்திறங்கேக்க ஒரு முழம், மத்தியானம் ஒண்டரை, நெருப்புக் காயேக்க ரெண்டு. தண்ணிக்குள்ள வளராது போல. உங்களுக்குப் பக்கத்தில வைச்சிருங்கோ, இரவுச் சாப்பாட்டுக்குள்ள வளர்ந்திடும்."

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் முதலாளியும் சிரிக்கவேண்டியதாயிற்று. அடுத்த விமானம் குகதாசனை ஏற்றாமலே போனது.