கட்டையன் கண்மாயின் நிழல் மரியாதை

சத்தியம்! சூரியன் மேல் சத்தியம், சோற்றின் மேல் சத்தியம், வாயில் மிச்சமிருக்கும் மூன்று பற்களின் மேலும் சத்தியம்! இதில் ஒரு வார்த்தை பொய்யென்றால் அந்த மூன்றும் இப்போதே உதிரட்டும்.

உதிரவில்லை, பார்த்தீர்களா? அப்படியானால் கேளுங்கள்.

அந்தச் சித்திரையில் கட்டையன் கண்மாய் வற்றி வற்றி, நாலு நெற்களம் அகலத்துக்கு வந்துவிட்டது. சுற்றுவட்டாரத்துக் குளம் குட்டையெல்லாம் வெடித்துப்போனதால் மீன் தின்னும் பறவைகள் அத்தனையும் அங்கேதான். கொக்கு, நாரை, நீர்க்காகம், கூழைக்கடா என்று கால் ஊன்ற இடமில்லை. கொக்குகள் ஒற்றைக் காலில் நிற்கத் தொடங்கியதே அந்த வருஷம்தான். இரண்டாவது காலை வைக்க இடம் கிடைக்கவில்லை.

இவ்வளவு கூட்டத்தில் சண்டை வராமல் இருக்குமா? ஒரு நாரையின் நிழல் இன்னொரு நாரை குறிவைத்திருந்த கெண்டை மேல் விழுந்தது. கெண்டை ஓடிவிட்டது. அலகும் அலகும் மோதி ஏழு நாள் சத்தம். அந்தச் சத்தத்தில் பக்கத்து ஊர்க் கோழிகள் முட்டையைப் பாதியில் நிறுத்திவிட்டன.

கண்மாய் நடுவில் ஒரு பட்ட மரக்கொம்பு. அதன் உச்சியில் நீலமேகம் என்ற மீன்கொத்தி உட்கார்ந்திருந்தான். தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னான்.

"இனிமே ஒருத்தர் நிழல் இன்னொருத்தர் தண்ணியில விழக்கூடாது. விழுந்துட்டா, மன்னிப்புக் கேட்டுட்டு நகர்ந்துக்கணும். அதுதான் மரியாதை."

எல்லாத் தலையும் ஆடியது. நீலமேகத்தின் நிழல் ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் என்பதை ஒரு தலையும் கவனிக்கவில்லை.

இரண்டே நாளில் கண்மாய் தலைகீழாக மாறியது. எங்கே பார்த்தாலும் குழைவு.

"நிழல் விழுதுங்களா?"

"சேச்சே, இருங்க."

"இல்ல, ஓரமா லேசா விழுது. நான் நகர்ந்துக்கிறேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்? நான் நகர்றேன்."

இப்படி நகர்ந்தவர்களில் எல்லாரையும் விட அதிகம் நகர்ந்தவன் குன்னாண்டி. அவன் ஒரு மடையான். தவிட்டு நிறத்தில் குளத்தோரம் கழுத்தைச் சுருக்கிக்கொண்டு நிற்குமே, அந்தக் கொக்கு. பிறக்கும்போதே கும்பிட்ட மாதிரி பிறந்தவன். அடுத்தவர் முகம் சுளித்தால் அவனுக்குச் சோறு இறங்காது. இறங்குவதற்கு இப்போது சோறும் இல்லை என்பது வேறு விஷயம்.

கரையில் ஒரு கருவேல மரம். அதில் அவன் கூடு, கூட்டில் மூன்று குஞ்சுகள். முந்தாநாள் அவை தின்றது ஒரே ஒரு தவளைக்குஞ்சு. நேற்று ஒன்றுமில்லை. அவன் மனைவி தவசி கூட்டை விட்டு அசைய முடியாது. மேலே ஒரு காக்கை வட்டமடித்துக்கொண்டே இருந்தது.

அன்று காலை தவசி சொன்னாள்: "இந்தாங்க, இன்னைக்குப் பொழுது சாயறதுக்குள்ள ஒரு மீனாவது வேணும். சின்னது வாயைத் திறக்கவே மாட்டேங்குது. நாளை வரைக்கும் தாங்காது."

"கொண்டாந்துருவேன்."

"நேத்தும் இதைத்தான் சொன்னீங்க. யார்கிட்டயும் மன்னிப்புக் கேக்காம கொண்டாங்க."

குன்னாண்டி கண்மாய்க்கு வந்தான். ஒரு ஓரமாக நின்றான். அவன் அதிர்ஷ்டம், வந்த கொஞ்ச நேரத்தில் ஒரு அயிரைக் கூட்டம் காலடிக்கே வந்தது. கழுத்தை மெல்ல நீட்டினான். அலகுக்கும் அயிரைக்கும் நடுவே நாலு விரல்தான்.

பக்கத்தில் ஒரு மஞ்சள்மூக்கு நாரை இருமியது.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க நிழலு..."

"அடடா, மன்னிச்சுக்கங்கண்ணே," என்று குன்னாண்டி நகர்ந்தான். அயிரைகள் அதைவிட வேகமாக நகர்ந்தன.

"என்னால உங்க மீன் போச்சே," என்று நாரை நொந்துகொண்டது. "இருங்க, பரிகாரமா நான் தள்ளி நிக்கிறேன்." அது தள்ளி நிற்க, அதன் நிழல் ஒரு வெள்ளைக் கொக்கின் தண்ணீரில் விழுந்தது. கொக்கு பெருந்தன்மையாக விலக, அதன் நிழல் வேறொரு நாரை மேல் விழுந்தது. ஒரு மன்னிப்பு கண்மாயை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றி, கடைசியில் குன்னாண்டியிடமே வந்து சேர்ந்தது. அவன் அதை வாங்கிக்கொண்டு மறுபடி நகர்ந்தான்.

சங்கிலி என்ற நீர்க்காகம் அவன் பக்கத்தில் தலையை நீட்டினான்.

"என்ன மாப்ளே, விடிஞ்சதுல இருந்து மூணு தடவை சுத்தி வந்துட்ட. நடுவுல சாமி ஏதும் இருக்கா?"

"நீ என்ன பிடிச்ச?"

"சேறு. தண்ணி இருக்கிற ஆழத்துக்கு முங்குனா முதுகு வெளிய தெரியுது. முதுகுக்கும் நிழல் உண்டுன்னு உங்காளு நீலமேகம் சொல்லிட்டான். பசியில என் வயிறு என்னையே 'ஏண்டா'ங்குது."

உச்சிப் பொழுது வந்தது. அவரவர் நிழல் அவரவர் காலடியில் சுருண்டது. யாரும் யாருக்கும் இடைஞ்சலில்லை. நீலமேகம் கொம்பில் நெஞ்சை நிமிர்த்தி, "பாத்தீங்களா, என்ன ஒழுங்கு!" என்றான். ஒழுங்குக்குக் குறைச்சலில்லை. ஆனால் தண்ணீர் வெந்நீராகிவிட்டதால் மீன்கள் எல்லாம் சேற்றுக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

வெயில் சாயச் சாய நிழல்கள் நீண்டன. அப்போதுதான் ஆரம்பித்தது கூத்து. ஒரு சாண் கொக்குக்கு நாலு முழம் நிழல். காலை எடுத்து வைத்தால் அடுத்தவர் தண்ணீரில், கழுத்தைத் திருப்பினால் அதற்கும் அடுத்தவர் தண்ணீரில். கொட்டாவி விட்டதற்கு மன்னிப்புக் கேட்ட கொக்குகள் உண்டு. கொட்டாவி நிழல் நாலு பேரைத் தாண்டி விழுந்திருந்தது.

பாவம், பெரியபிராட்டிக்குத்தான் எல்லாரையும் விடக் கஷ்டம். அவள் ஒரு கூழைக்கடா. அவள் நிழல் கல்யாணப் பந்தல் மாதிரி. எங்கே நின்றாலும் ஒன்பது பேர் மேல் விழுந்தது. காலையிலிருந்து மன்னிப்புக் கேட்டுக் கேட்டுத் தொண்டை கட்டிவிட்டது. அலகுக்குக் கீழே தொங்கும் பை காய்ந்து சுருங்கியிருந்தது.

"இந்த உடம்பைக் கழட்டியா கரையில வைக்க முடியும்?" என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

நீலமேகம் மறுபடி செருமினான். "ஒரு வழி இருக்கு. எல்லாரும் கிழக்குக் கரையோரமாப் போய் சூரியனைப் பாத்து நில்லுங்க. நிழல் முதுகுக்குப் பின்னால தரையில விழும். யாருக்கும் தொந்தரவில்லை."

"ஆகா, என்ன மூளை," என்று எல்லாரும் கிளம்பினார்கள். "நீங்க முன்னால போங்க." "பெரியவங்க நீங்க போங்க." போய்ச் சேர்வதற்கே பாதி மாலை போய்விட்டது. சேர்ந்த பிறகு பார்த்தால், சாய்ந்த வெயில் தண்ணீரில் பட்டுக் கண்ணாடி மாதிரி முகத்தில் அடிக்கிறது. மீனும் தெரியவில்லை, ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாரை தன் கால்விரலையே ஓங்கிக் கொத்திவிட்டு, "யார் காலுங்க இது? மன்னிக்கணும்," என்றது.

குன்னாண்டி கிழக்குக் கரைக்குப் போய்ச் சேரவில்லை. நாள் முழுக்க நகர்ந்த அசதியில், நடுவழியில் சேற்றில் கால் புதைந்துவிட்டது. இழுத்தான், வரவில்லை. கருவேல மரத்தைப் பார்த்தான். சூரியன் அதன் உச்சிக் கிளைக்கு இறங்கிவிட்டது. கூட்டிலிருந்து இரண்டு குஞ்சுகளின் சத்தம் மட்டும் கேட்டது. காலையில் இரண்டரைச் சத்தமாவது இருந்தது.

அவனுக்குப் பின்னால், மேற்கே, தளர்ந்து நடந்து வந்த பெரியபிராட்டி நின்றாள். வழியில் இவன் நிற்கிறானே. அவளுடைய பந்தல் நிழல் குன்னாண்டி மேல் கவிழ்ந்தது.

"மன்னிச்சுக்கப்பா. உன் மேல முழுசா விழுந்துட்டேன். இதோ நகர்ந்துக்கிறேன்."

"பரவால்லக்கா," என்று சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நின்றான். நிழல் விழுந்ததும் கண்ணைக் குத்திய பளபளப்பு போய்விட்டது. தண்ணீர் அடிவரை தெரிந்தது. அடியில் சேறு மெல்லப் புகைந்தது. ஒரு அயிரை எட்டிப் பார்த்தது. சூட்டில் வெந்துகிடந்த மீனுக்குக் குளிர்ச்சி என்றால் விடுமா? ஒன்று வந்தது, பத்து வந்தது.

பெரியபிராட்டி ஒரு காலைத் தூக்கினாள். நிழல் அசைந்தது. பத்தும் சடாரென்று சேற்றுக்குள் போயின.

பிறந்ததிலிருந்து சத்தம் போட்டுப் பழகாத குன்னாண்டி கத்தினான். "அக்கா, அசையாதீங்க!"

கண்மாயே திரும்பிப் பார்த்தது.

"டேய் குன்னாண்டி," என்றான் நீலமேகம். "பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது? அக்கா, நீங்க நிழலை எடுங்க. இவனுக்கு என்ன கோளாறுன்னு நான் விசாரிக்கிறேன்."

குன்னாண்டி பதில் சொல்லவில்லை. சொல்ல முடியாது. அசையாமல் நின்ற நிழலுக்குத் திரும்பி வந்த மீன் ஒன்று வாயில் இருந்தது.

பெரியபிராட்டி தூக்கிய காலை மெதுவாகக் கீழே வைத்தாள். "நான் பொரிஞ்ச நாள்ல இருந்து எல்லாரும் என்னை நகருன்னுதான் சொல்லியிருக்காங்க. இருன்னு இவன் ஒருத்தன்தான் சொல்றான். நான் இருக்கப் போறேன். யாருக்கு என்ன வந்தாலும் வரட்டும்."

இரண்டு, ஐந்து, எட்டு. குன்னாண்டி தொண்டை நிறையச் சேர்த்துக்கொண்டான். கிளம்பப் பார்த்தால் கால் சேற்றில். பெரியபிராட்டி தன் அலகுப் பையால் அவனைச் சேற்றோடு ஒரே அள்ளாக அள்ளி மேலே வீசினாள். வீசிய வேகத்தில் கருவேல மரத்தைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய குஞ்சுகள் இரண்டும் பாய்ந்தன. சின்னது அசையவில்லை. குன்னாண்டி அதன் அலகோரம் ஒரு அயிரையை வைத்தான். அது முகர்ந்து பார்த்தது. கண்ணைத் திறந்தது. பிறகு அயிரையோடு சேர்த்து அப்பனின் அலகையும் விழுங்கப் பார்த்தது. தவசிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"எங்க கிடைச்சுது?"

"பெரியபிராட்டியக்கா நிழல்ல."

"சரி, அந்தக்கா சாப்பிட்டாங்களா?"

நாள் முழுக்க நூறு பேரிடம் நிழல் விழுதா என்று கேட்டவன், சாப்பிட்டாச்சா என்று ஒருவரிடமும் கேட்கவில்லை. அப்படியே திரும்பிப் பறந்தான்.

"அக்கா, உங்களுக்கு என்ன வேணும்?"

"நிழல்தாம்ப்பா. ஆனா எனக்கு நிழல் குடுக்க என்னைவிடப் பெரியவங்க யாரு இருக்கா?"

குன்னாண்டி கிழக்குக் கரையைப் பார்த்துச் சொன்னான். "எல்லாரும் மேற்கால வாங்க. சிறகோடு சிறகு ஒட்டி நில்லுங்க. சூரியனுக்கு முதுகைக் காட்டுங்க. நின்னா நின்னதுதான், அசையக்கூடாது."

"அப்ப மரியாதை என்னாகுறது?" என்றான் நீலமேகம்.

"மீனு நிழலுக்குப் பயப்படலண்ணே, ஓடுற நிழலுக்குத்தான் பயப்படுது. மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நாமதான் நாள் பூரா அதை ஓட்டிட்டு இருந்தோம். நிழல் விழுதான்னு கேட்டோமே தவிர, விழுந்தா நல்லதா கெட்டதான்னு பக்கத்துல இருந்தவரை ஒருத்தராவது கேட்டோமா?"

"அவன் சொல்றதுல ஏதோ இருக்கு," என்றான் சங்கிலி. "இல்லாட்டியும் போகட்டும். சேறு தின்னு தின்னு எனக்குள்ள நெல்லே முளைச்சிரும் போல."

வந்தார்கள். சிறகோடு சிறகு உரச, வரிசையாக நின்றார்கள். ஆள் ஆளுக்கு இருந்த ஒல்லி நிழல்கள் ஒன்றாகச் சேர்ந்து கண்மாய் பாதியை மூடின. மூச்சுக்கூட யாரும் விடவில்லை. மீன்கள் சேற்றிலிருந்து எழுந்தன. எழுந்த வேகத்தில் கண்மாய்த் தண்ணீர் ஒரு முழம் உயர்ந்து மடை வழியாக வழிந்தது. பெரியபிராட்டி ஒரே அள்ளில் காய்ந்த பையை நிறைத்தாள். நாரைகள் தின்றன, கொக்குகள் தின்றன. சங்கிலி தின்றுவிட்டு முங்கப் பார்த்தால், வயிறு கனத்துத் தலைகீழாக நின்றான்.

நீலமேகம் மட்டும் தன் எலுமிச்சம்பழ நிழலோடு கொம்பில் தனியாக இருந்தான். பிறகு பறந்து வந்து பெரியபிராட்டிக்கு முன்னால் நின்றான்.

"அக்கா, உங்க தலையில கொஞ்சம் உக்காந்துக்கட்டுமா? உங்களுக்குத் தொந்தரவா இருக்குமா?"

"வாப்பா," என்றாள் பெரியபிராட்டி. "கேட்டியே, அதுவே போதும். கண்ணை மட்டும் மறைச்சிராத."

பக்கத்தில் இருப்பவருக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்பதுதான் மரியாதை. கேட்காமலே விலகி விலகிப் போவது இரண்டு பேர் வயிற்றையும் காயப்போடும்.

கதையை யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், தடையில்லை. சொன்னது யார் என்று மட்டும் மூச்சு விடாதீர்கள். மீன்கள் காதுக்குப் போய்விட்டால் வம்பு. நாளைக்கும் நான் அந்தக் கண்மாயில்தான் தூண்டில் போட வேண்டும்.