பதினான்காம் வளைவில் கேட்ட ஹாரன்

“சாமி, சடையப்பனை வேலையை விட்டு நிறுத்தலாமா, கூடாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க” என்றாள் தனபாக்கியம்.

சாமி அவரைக்கொடிப் பந்தலுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்.

“உட்காருங்கம்மா” என்றார்.

ஒரு வார்த்தைதான். ஆனால் அவள் கேட்டு வந்த வார்த்தை அதுவல்ல.

தனபாக்கியத்துக்கு ஐம்பத்தெட்டு வயது. அந்தச் சாமியார் இன்னும் நாற்பதைத் தொடவில்லை. ஆனாலும் கரடிமலையில் யார் பேச்சையும் கேட்காத தனபாக்கியம், வாரம் ஒருமுறை இருபத்தொன்றாம் வளைவில் ஜீப்பை நிறுத்திவிட்டு அவருடைய தகரக் கொட்டகைக்கு வந்து கீழே உட்காருவாள். அவர் சொல்வதைக் கேட்பாள். கேட்பாள் என்றால், காதில் மாட்டிய ப்ளூடூத்தில் வேறு யாரும் கூப்பிடாத நேரத்தில் கேட்பாள்.

மலை உச்சியில் அவளுக்கு ஒரு குடோன். ஏழு வேன். பீன்ஸ், சௌசௌ, மலைவாழை எல்லாம் அந்த வேன்களில் இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சந்தைக்குப் போகும். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக நின்று உண்டாக்கிய தொழில். அதைச் சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி.

விடிந்தது முதல் விளக்கு வைக்கும்வரை அந்தக் கருவி அவள் வலது காதை விட்டு இறங்காது. கர்ணன் கவச குண்டலத்தோடு பிறந்தான், இந்தம்மா ப்ளூடூத்தோடு பிறந்தது என்று மலையில் ஒரு கேலி உண்டு. போன மாதம் ஒரு துக்க வீட்டில், தாலி இழந்தவளைக் கட்டிக்கொண்டு “மனசைத் தேத்திக்க ஆத்தா” என்று அழுதவள், அடுத்த மூச்சிலேயே “நசுங்கினதையெல்லாம் தனியா வீசிட்டு மிச்சத்தை ஏத்துடா” என்றாள். அந்தப் பெண் அழுகையை நிறுத்திவிட்டு இவள் முகத்தைப் பார்த்தது. ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தனபாக்கியம் சட்டை செய்யவில்லை.

“சடையப்பன் என்ன பண்ணினார்?” என்று கேட்டார் சாமி.

“ஏழு டிரைவருக்கும் நான்தானுங்க ப்ளூடூத் வாங்கிக் குடுத்தேன். எப்போ கூப்பிட்டாலும் எடுக்கோணும், அதுதான் என் சட்டம். ஆறு பேரும் மறுபேச்சில்லாம போட்டுக்கறாங்க. இவன் திங்கக்கிழமை கழட்டி என் மேஜை மேல வெச்சுட்டு, ‘வண்டி ஓட்டறேனுங்க. இது மட்டும் வேண்டாமுங்க’ங்கறான். அத்தனை பேர் பார்க்க.”

“நல்லா ஓட்டுவாரா?”

“பத்தொன்பது வருஷமுங்க. ஒரு கீறல் கிடையாது.”

அதைச் சொல்லும்போது அவள் குரல் இறங்கியது. சடையப்பனை அனுப்புவதென்றால் வலது கையை வெட்டிப் போடுகிற மாதிரி. ஐம்பது வயதுக்காரனை இனி யார் வேலைக்கு எடுப்பார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும். ஆனால் இன்றைக்கு அவனை விட்டுவிட்டால் நாளைக்கு ஏழு பேரும் கழற்றி வைப்பார்கள். இன்று சாயங்காலத்துக்குள் காதில் மாட்டு, இல்லாவிட்டால் சாவியை வை என்று சொல்லிவிட்டாள். சொன்ன சொல்லை அவள் திருப்பி எடுத்ததில்லை.

“நீங்களே சொல்லுங்க சாமி. கையி ரெண்டும் ஸ்டியரிங்ல இருக்குது. கண்ணு ரோட்டுல இருக்குது. காது சும்மாதானுங்க இருக்குது.”

சாமி செம்பைக் கவிழ்த்து வைத்தார்.

“பக்கத்து சீட்டுல ஆள் உக்காந்து பேசிட்டே வந்தா யாரும் தப்புங்கறதில்லை. அதே பேச்சு காதுக்குள்ள வந்தா மட்டும் தப்புங்களா?” என்று விடாமல் கேட்டாள்.

“எனக்கு அடிவாரத்துல ஒரு வேலை இருக்கு. உங்க ஜீப்புல வரட்டுமா?” என்றார் சாமி.

“என் கேள்விக்குப் பதில்?”

“போற வழியில சொல்றேன்.”

ஜீப்பை அவளே ஓட்டினாள். அந்த மலையில் அவளைப்போல் ஓட்டுகிற ஆண்பிள்ளைகள் குறைவு. காதில் நீல விளக்கு மினுங்கியது. சாமி பக்கத்தில் உட்கார்ந்து துண்டை மடியில் போட்டுக்கொண்டார்.

“சடையப்பன் விஷயத்துல என் முடிவு என்னன்னா” என்று ஆரம்பித்தார்.

இருபதாம் வளைவு வந்தது. சாமி பேச்சை நிறுத்தினார். மலையில் வழக்கம் ஒன்று உண்டு. வளைவுக்கு முன்னால் ஹாரன் அடிக்க வேண்டும், அடித்துவிட்டுக் காது கொடுக்க வேண்டும். அந்தப் பக்கமிருந்து பதில் ஹாரன் வந்தால் இறங்குகிற வண்டி நிற்கும், ஏறுகிற வண்டி முதலில் போகும். தனபாக்கியம் அடித்தாள். பதில் இல்லை. திருப்பினாள்.

“என்னன்னா, நீங்க அவரை” என்று சாமி தொடர்ந்தார்.

பத்தொன்பதாம் வளைவு தெரிந்தது. சாமி வாயை மூடிக்கொண்டார்.

வளைவு முடிந்ததும், “கூப்பிட்டு உக்கார வெச்சு” என்றார்.

பதினெட்டாம் வளைவு. மறுபடியும் மௌனம்.

தனபாக்கியத்துக்குப் பொறுமை போய்விட்டது. அவளுக்குப் பொறுமை அவ்வளவுதான்.

“என்னுங்க சாமி, பாதியில பாதியில நிறுத்தறீங்க?”

“வளைவு வந்துச்சு.”

“திருப்பறது நானுங்க. உங்க வாய்க்கு என்ன வந்துச்சு?”

“உங்களுக்கு அங்கே வேலை இருந்துச்சே” என்றார் சாமி.

அவள் அதைக் காதில் வாங்கவில்லை. அந்த நேரம் பார்த்துக் காதுக்குள் மணி அடித்தது.

நல்லமுத்து. ஏழு டிரைவர்களில் சின்னவன். விடியற்காலையில் லோடு கொண்டுபோய் இறக்கியவன்.

“சொல்லுடா.”

“அம்மா, பீன்ஸ் எட்டு மூட்டை வேண்டாம்னுட்டாங்க. முத்தலா இருக்குதாமுங்க.”

“எவன்டா சொன்னது முத்தல்னு? காலையில நானே ஒடிச்சுப் பார்த்தேன்.”

பதினேழாம் வளைவு போயிற்று. பதினாறு போயிற்று. சாமி பேசாமல் பாதையைப் பார்த்துக்கொண்டு வந்தார். நல்லமுத்து நிறுத்தவில்லை, அவளும் நிறுத்தவில்லை. அவன் பழியை வியாபாரி மேல் போட்டான், வியாபாரி மூட்டை கட்டியவன் மேல் போட்டானாம், இவள் மேல் மட்டும் யாரும் போடவில்லை.

“நீ வாயை மூடிட்டுத் திரும்ப வண்டியில ஏத்திட்டயா? அதுக்கா உன்னை அனுப்பினேன்?”

“ஆமாங்க அம்மா. இல்லீங்க அம்மா.”

பதினான்காம் வளைவு. கை தானாகப் போய் ஹாரனை அடித்தது. காதுக்குள் ஒரு ஹாரன் கேட்டது. சந்தையில் எந்த லாரிக்காரனோ அடிக்கிறான் என்று நினைத்தாள்.

“அம்மா” என்றார் சாமி.

அவள் இடது கையை உயர்த்தினாள். “ஒரு நிமிஷம் இருங்க சாமி.”

“அம்மா, வண்டி.”

வளைவுக்குள்ளிருந்து ஒரு வேனின் மூக்கு வந்தது.

எப்படி பிரேக்கை மிதித்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஜீப் வழுக்கிக்கொண்டு போய்க் குலுங்கி நின்றது. இரண்டு வண்டிக்கும் நடுவே ஒரு முழம்கூட இல்லை. வேனின் பின் சக்கரம் ஓரக்கல்லில் ஏறி நின்றிருந்தது. கல்லுக்கு அந்தப் பக்கம் பள்ளம், மரங்களின் உச்சி மட்டும் தெரிந்தது.

“அம்மா, எவனோ ஒரு ஜீப்காரன் குறுக்கே வந்துட்டானுங்க” என்று காதுக்குள் நல்லமுத்து கத்தினான்.

எதிர்க் கண்ணாடிக்குப் பின்னால் அவன் வாய் அசைவதைத் தனபாக்கியம் பார்த்தாள்.



“அம்மா” என்றது காது. “நீங்களுங்களா?”

அவள் ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். பயந்துபோயிருந்தாள். புருஷன் செத்த அன்றைக்குப் பிறகு அவள் இப்படிப் பயந்ததில்லை.

சாமி இறங்கினார். ஒரு பெரிய கல்லைப் புரட்டிக்கொண்டு போய் வேனின் பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். நல்லமுத்து இறங்கி வந்து ஜீப்பின் பக்கத்தில் நின்றான்.

“ஹாரன் அடிக்கலையாடா?” என்று கேட்டாள்.

“அடிச்சனுங்க. நீங்களும் அடிச்சீங்க. கேட்டுச்சுங்க.”

“கேட்டும் ஏன்டா பார்த்து வரலே?”

“போனுக்குள்ள கேக்குதுன்னு நினைச்சனுங்க. நீங்க குடோன்ல இருப்பீங்க, வாசல்ல எந்த வண்டியோ அடிக்குதாட்டம் இருக்குதுன்னு.”

தனபாக்கியம் தலை குனிந்தாள். சந்தையில் லாரி அடிக்கிறது என்று தான் நினைத்ததை அவனிடம் சொல்லவில்லை.

“வளைவு வருதுங்கம்மான்னு ஒரு வார்த்தை சொன்னா வெச்சுட மாட்டனா?”

நல்லமுத்து சாமியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“நீங்க பேசறப்போ எப்படிங்க சொல்றது? ஆமாங்க, சரிங்கன்னுட்டே திருப்பிருவோம். ஆறு பேரும் அப்படித்தானுங்க.”

“தினமுமா?”

“தினமுந்தானுங்க.”

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஒரு நாளைக்கு எத்தனை தடவை கூப்பிடுகிறாள் என்று அவள் எண்ணிப் பார்த்ததில்லை. இப்போது எண்ணவும் துணியவில்லை.

“சாமி” என்றாள். “சடையப்பன் விஷயத்துல உங்க முடிவைச் சொல்லிட்டு வந்தீங்களே.”

“சொல்லிட்டுத்தான் வந்தேன்” என்றார் சாமி. கையில் ஒட்டிய மண்ணைத் துண்டில் துடைத்துக்கொண்டார்.

கீழே வளைவுக்கு அந்தப் பக்கம் ஒரு வண்டி வந்து நிற்கிற சத்தம் கேட்டது. கதவு சாத்தும் சத்தம். காக்கிச் சட்டைக்காரன் ஒருவன் கையில் சாவியோடு நடந்து ஏறி வந்தான். சடையப்பன்தான். வேனைப் பார்த்தான், ஜீப்பைப் பார்த்தான், நடுவிலிருந்த இடைவெளியைப் பார்த்தான்.

“அடி ஒண்ணும் படலீங்களே அம்மா?” என்றான்.

இல்லை என்று தலையாட்டினாள்.

“நல்லமுத்து, உனக்கு?”

“இல்லண்ணா.”

சடையப்பன் குனிந்து முட்டுக் கல்லை ஒருமுறை அசைத்துப் பார்த்தான். பிறகு ஜீப்பின் பக்கம் வந்தான்.

“சாயங்காலம் வரைக்கும் காத்திருக்க வேண்டாமுங்க அம்மா. நான் முடிவு பண்ணிட்டேன். என்னால அதைப் போட்டுட்டு ஓட்ட முடியாதுங்க. இந்த வண்டியை மேலே கொண்டாந்து நிறுத்திட்டுச் சாவியைக் குடுத்துடறேன்.”

கோபமில்லாமல்தான் சொன்னான்.

தனபாக்கியம் வாயைத் திறந்தாள். அதற்குள் காதில் மணி அடித்தது.

மடியிலிருந்த போனைப் பார்த்தாள். மாரப்பன். இன்னொரு டிரைவர். சந்தையிலிருந்து கிளம்பி மலையேற வேண்டிய நேரம்.

தனபாக்கியம் இரண்டாவது மணிவரைக்கும் விட்டதாகச் சரித்திரமே இல்லை.

மூன்றாவது மணி அடித்தது. நான்காவது அடித்தது.

“எடுங்கம்மா. மாரப்பன் காத்துட்டிருப்பான்” என்றான் சடையப்பன்.

அவள் ப்ளூடூத்தைக் காதிலிருந்து கழற்றினாள்.

“சாவி உன்கிட்டயே இருக்கட்டும் சடையப்பா” என்றாள். “பாவி, அவன் எந்த வளைவுல இருக்கானோ.”