மாரப்பனின் வலது கால்

முதலில் தப்புச் செய்தவன் வெள்ளியங்கிரி. அதில் இரண்டு பேச்சுக்கு இடமில்லை.

ஊர்க் கோயில் விருந்து. மாரப்பன் பந்தியில் உட்கார்ந்து, சோற்றில் சாம்பாரை விட்டுப் பிசைந்து, முதல் கவளத்தை எடுத்த நேரம். விருந்தை மேற்பார்த்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரி வந்து தோளைத் தட்டினான்.

"கொஞ்சம் எந்திரி மாரப்பா. சேர்மனோட சம்பந்தி நிக்கிறாரு."

மாரப்பன் எழுந்துவிட்டார். எதிர்ப் பந்தியில் அவருடைய மச்சினன்மார் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கை கழுவத் தண்ணீர் தேடி நடந்ததில் விரலில் சோறு காய்ந்து போனது. அன்றிலிருந்து இன்றுவரை, "தப்புத்தான் மாரப்பா" என்று வெள்ளியங்கிரி வாயைத் திறந்து சொன்னதில்லை.

அந்த ஒரு வார்த்தைதான் பாக்கி.

மாரப்பன் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். காங்கேயத்துக்கு வெளியே அருக்காணியம்மாள் நடத்தி வந்த சின்ன மடத்தில் சீடராகச் சேர்ந்தார். அம்மாவுக்கு நாற்பது வயதிருக்கும். மாரப்பனுக்கு மகள் மாதிரி. ஆனாலும் குரு குருதான். மடத்தில் பழைய கான்டெஸா கார் ஒன்று இருந்தது. ஒரு மில்காரர் பக்தியில் விட்டுப்போனது. அமாவாசைக்கு அமாவாசை அதில் அம்மாவைக் கரூருக்குச் சத்சங்கத்துக்கு அழைத்துப் போவது மாரப்பன் வேலை. போகிற வழியில் அம்மா நாலு வார்த்தை பேசுவார். மற்றச் சீடர்கள் கூட்டத்தில் கேட்பதை மாரப்பன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். அந்த இடத்தை அவர் யாருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

வெள்ளகோயிலைத் தாண்டினால் ரோட்டோரத்தில் வெள்ளியங்கிரியின் பேக்கரி. ரோஸ் நிறச் சுவர். அந்த இடம் வந்தால் மட்டும் கான்டெஸா தொண்ணூறில் பறக்கும். அவன் மூஞ்சியில் விழிக்கக் கூடாது என்பது மாரப்பனின் வைராக்கியம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்கு மாரப்பனின் வலது முழங்காலில் வினை வந்தது. கரூர் போய்த் திரும்பினால் இரண்டு நாள் நொண்டினார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். எலும்பு நன்றாக இருந்து என்ன பண்ண, வலித்தது.

மடத்துச் செயலாளர் நாட்ராயன் இதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"ஏப்பா மாரப்பா, நீயும் பழசு, வண்டியும் பழசு. புது வண்டி ஒண்ணு, புது டிரைவர் ஒருத்தன். நீ வீட்ல கால நீட்டிட்டு உக்காரு."

மாரப்பன் அன்று சாப்பிடவில்லை. மறுநாள் அம்மாவிடம் போய் நின்றார்.

"அம்மா, நம்ம வண்டிக்குக் குரூஸ் கண்ட்ரோல் போட்டுக்கட்டுங்களா?"

"அது என்னங்கண்ணா பண்ணும்?"

"ஒரு வேகத்த வெச்சுப் பட்டனை அமுக்கிட்டா, அதே வேகத்துல அதுவாப் போகுமுங்க. காலுக்கு வேலையே இல்லைங்க."

"மனசுக்கு?"

"அதுக்குப் பட்டன் வெக்கலைங்க."

அம்மா சிரித்தார். "சரி, காலுக்காச்சும் போடுங்க."

மெக்கானிக் சலீம் வண்டியை இரண்டு நாள் பிரித்து வைத்திருந்தார். "புது வண்டின்னா கூடவே வந்துடும். இது நம்ம தாத்தா. நைசாப் பேசித்தான் ஒத்துக்க வெக்கணும்" என்றார். எஞ்சின் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் பெட்டியைப் பொருத்தி, அதன் கம்பியை ஆக்சிலேட்டர் கம்பியோடு கோத்தார். சக்கரத்தைச் சுழற்றும் தண்டில் காந்தம் ஒட்டினார், வேகத்தை எண்ணுவதற்கு. பிரேக்கில் இருந்து ஒரு வயரை இழுத்துக் கொடுத்தார். பிரேக்கைத் தொட்டால் மிஷின் உடனே பிடியை விட்டுவிட வேண்டும்.

ஓட்டிப் பார்க்கிற அன்று பின்சீட்டில் நாட்ராயனும் ஏறிக்கொண்டார். மாரப்பன் அறுபதில் வைத்துப் பட்டனை அமுக்கினார். காலை எடுத்தார். வண்டி தளர்ந்தது. மறுபடி அமுக்கினார். மறுபடி தளர்ந்தது.

"உன்ன மாதிரியேதான் இருக்குது, சொன்ன பேச்சுக் கேக்கறதில்ல" என்றார் நாட்ராயன்.

திரும்பி வந்ததும் சலீம் வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் நின்று சிரித்தார்.

"பிரேக் போட்டா எரியற பல்பு ரெண்டும் செத்துக் கிடக்குதுண்ணா. அது உசுரோட இருந்தாத்தான் இந்த மிஷின் வேலை செய்யும். நிக்கத் தெரிஞ்ச வண்டின்னு தெரிஞ்ச பொறகுதான் ஓடவே ஒத்துக்கும்."

"எப்பப் போச்சு?"

"உள்ள இருக்கற தூசியப் பாத்தா, வருசக்கணக்கா ஆகியிருக்கும்."

 வருசக்கணக்காக, மாரப்பன் பிரேக் போட்டபோதெல்லாம் பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், தலையை நீட்டி வைதார்கள். அத்தனை பேரையும் மனதில் வைத்திருந்தார். மடத்துக்குப் போய் அம்மாவிடம் சொன்னார்.

"அந்தத் தாராபுரம் பஸ்காரன், பால் டேங்கர்காரன், எல்லார் மேலயும் கோபமா இருந்தனுங்க. தப்பு என்னுதுங்க."

"அப்ப அவங்களை விட்டுடலாமுங்களா?"

"விட்டுடலாமுங்க." கொஞ்சம் யோசித்துச் சேர்த்துக்கொண்டார். "வெள்ளியங்கிரி வேறைங்க."

"வேறதான்" என்றார் அம்மா.

புதுப் பல்பு போட்டதும் மிஷின் பிடித்துக்கொண்டது. அந்த அமாவாசைக்குக் கான்டெஸா தண்டவாளத்தில் போவது போலப் போனது. மேட்டிலும் அறுபது, சமதளத்திலும் அறுபது. மாரப்பன் வலது காலைத் தரையில் சும்மா வைத்துக்கொண்டு, சின்னப்பிள்ளை மாதிரி ஸ்டியரிங்கில் தாளம் போட்டார். பேக்கரி வந்தபோது முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

மடத்துக்குத் திரும்பி இறங்கினார். முழங்கால் சுரீர் என்றது. பழைய வலியேதான்.

நாட்ராயன் வாசலிலேயே நின்றிருந்தார். "மிஷினும் வெச்சாச்சு, நொண்டலும் போகல. அடுத்த அமாவாசை வரைக்கும் பாக்கறேன். அதோட சரி."

மாரப்பன் நொண்டிக்கொண்டே அம்மாவிடம் போனார்.

"கால் ஒரு வேலையும் செய்யலைங்கம்மா. அப்புறம் எப்படிங்க வலிக்கும்?"

அம்மா அந்தக் காலையே பார்த்தார்.

அடுத்த அமாவாசை. மாரப்பன் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அம்மா வாசலில் இருந்த பாதாம் மரத்தடியில் குனிந்து, காய்ந்து சிவந்த இலை இரண்டைப் பொறுக்கினார். ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டார். இன்னொன்றை, மாரப்பனின் வலது கால் ஓய்வாக இருக்கிற இடத்தில், தரையில் வைத்தார்.

"காலை இது மேல வெச்சுக்குங்க. உடையாமக் கரூர் போகணும்."

"பிரேக் போட வேண்டி வந்தா?"

"தாராளமாப் போடுங்க. போட்டுட்டு மறுபடி இது மேல வைங்க."

நாட்ராயன் பின்சீட்டில் இருந்து எட்டிப் பார்த்தார். "குப்பையக் கூட்டறது நானு. வண்டிக்குள்ள கொண்டு வந்து போடறது நீங்க."

வண்டி புறப்பட்டது. வெள்ளகோயில் கடைவீதியில் நாலைந்து தடவை பிரேக் போட வேண்டியிருந்தது. இலை உடையவில்லை. ஊரைத் தாண்டி மறுபடி அறுபதில் வைத்தார். அம்மா கண்ணை மூடியிருந்தார். தூரத்தில் ரோஸ் சுவர் தெரிந்தது. மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

காலடியில் நொறுக் என்றது.

வண்டி அதே அறுபதில் போய்க்கொண்டிருந்தது.

"யாரை மிதிச்சீங்க?" என்றார் அம்மா, கண்ணைத் திறக்காமல்.

மாரப்பன் குனிந்து பார்த்தார். இலை தூள்தூளாகக் கிடந்தது. பாதம் தரையோடு தரையாக அழுந்தியிருந்தது. முழங்கால் இறுகிப் போயிருந்தது. அவர் மிதித்தது அவருக்கே தெரியவில்லை.

"நான் மிதிக்கலைங்க" என்றார். பிறகு, "கால் மிதிச்சிருக்குதுங்க" என்றார்.

கரூர் போய்ச் சேரும்வரை அந்தத் தூளின் மேல் படாமல் காலை ஒதுக்கியே வைத்திருந்தார்.

சத்சங்கம் முடிந்து கிளம்பும்போது அம்மா பையில் இருந்த இலையை எடுத்து அதே இடத்தில் வைத்தார். "இது ஒண்ணுதான் இருக்குது."

திரும்பும்போது பேக்கரி வலது கைப் பக்கம். டிரைவர் பக்கம். பொழுது சாய இன்னும் நேரமிருந்தது. நாட்ராயன் முன்சீட்டின் மேல் தாடையை வைத்து மாரப்பனின் பாதத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"எதுக்கு அப்படிப் பாக்கற? பூந்து கடிச்சிராத."

"நீ ரோட்டப் பாரு மாரப்பா."

ரோஸ் சுவர் வந்தது. முகத்தைத் திருப்பினால் கால் அழுந்துகிறது. மாரப்பனுக்கு அது பிடிபட்டுவிட்டது. திருப்பாமல் இருந்தால்? வேறு வழியில்லை. அவர் நேராகக் கடையைப் பார்த்தார்.

வண்டிக்கு அவசரமே இல்லை. கண்ணாடி அலமாரி போனது. தேங்காய் பன் அடுக்கிய தட்டு போனது. அப்புறம் கல்லாவில் வெள்ளியங்கிரி. தலை நடுவில் முடி கொட்டி, கன்னம் ஒட்டிப் போயிருந்தான். கான்டெஸாவின் சத்தம் கேட்டு நிமிர்ந்தான். மாரப்பனைப் பார்த்தான்.

பார்த்ததும், எதையோ கீழே போட்டவன் மாதிரி சடக்கென்று கல்லாவுக்கு அடியில் குனிந்துகொண்டான். ரஸ்க் டப்பாவுக்குப் பின்னால் வழுக்கை மட்டும் தெரிந்தது.

மாரப்பனுக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கால் வந்தது, பிறகு வயிறு குலுங்க வந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"என்னப்பா, என்னாச்சு?" என்றார் நாட்ராயன்.

"குனிஞ்சுக்கிட்டான்யா. என்னப் பாத்ததும் கல்லாப் பெட்டிக்குள்ள பூந்துக்கிட்டான்."

நாட்ராயன் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகப் பார்த்தார். "இன்னும் எந்திரிக்கலப்பா அந்த ஆளு." அவருக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. இரண்டு கிழவர்களும் கொஞ்ச தூரம் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

"அவனுக்கு ஞாபகம் இருக்குதுங்கம்மா" என்றார் மாரப்பன். "நான் மட்டுந்தான் வெச்சுக்கிட்டு இருக்கறன்னு நெனச்சனுங்க. அவனும் வெச்சிருக்கறான்."

"கால் எப்படிங்க இருக்குது?" கண்ணை மூடியபடியே கேட்டார் அம்மா.

காலா? அப்படி ஒன்று இருப்பதே அப்போதுதான் அவருக்கு நினைவு வந்தது. நீட்டினார், மடக்கினார். வலி இல்லை.

நாட்ராயன் குனிந்து இலையைப் பார்த்தார். ஒரு மூலைகூட உடையவில்லை. "சரி, சரி. புது வண்டிப் பேச்ச எடுக்கல. நீயே ஓட்டித் தொலை" என்றார்.

மாரப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. சந்தோஷத்தில் இன்னொரு ஆசையும் வந்துவிட்டது.

"அம்மா, வண்டியத் திருப்பட்டுங்களா? இப்பப் போய் முன்னால நின்னா அந்த ஒரு வார்த்தையச் சொல்லிப்போடுவானுங்க. எனக்கு வர வேண்டியதுதானுங்களே?"

"வர வேண்டியதுதான்."

"அப்பத் திருப்பறனுங்க."

அவர் பாதம் பிரேக்கின் பக்கம் நகர்ந்தது. அம்மா கண்ணைத் திறந்தார்.

"குனிஞ்சவர் முதல்ல நிமிரட்டுங்கண்ணா. நாம போலாம்."