உடும்பு விட்ட பிடி

தாமரைக்குளத்து மேட்டுக்கரையில் ஒரு புற்று இருந்தது. அதற்குள் மாடத்தி என்ற உடும்பு பன்னிரண்டு முட்டைகள் இட்டிருந்தாள். காலையும் மாலையும் போய்ப் புற்றை முகர்ந்து பார்த்தால்தான் அவளுக்கு நிம்மதி.

ஒரு நாள் காட்டுப்பன்றிக் கூட்டம் வந்தது. கரை முழுக்கக் கோரைக்கிழங்கு! தலைவன் கருவாயனுக்கு நாக்கில் நீர் ஊறியது.

"கரையைத் தோண்டப் போறோம்! விலகுங்க!"

"ஐயோ, புற்றுக்குள்ளே என் பிள்ளைங்க இருக்கு!" என்று மாடத்தி பதறினாள்.

கருவாயன் சிரித்தான். "சரி, பந்தயம்! இந்த விளாங்காயைக் கவ்விக்கிட்டு மருதமரத்திலிருந்து புற்று வரைக்கும் வருவோம். நாலே தடவை. தடுத்த இடத்திலிருந்து அடுத்த தடவை. புற்றைத் தொட்டா கரை எங்களுக்கு. தொடலைன்னா திரும்பிப் பார்க்காமப் போயிடுறோம்!"

வேறு வழி? மாடத்தியோடு அக்கம்பக்கத்து மூன்று கீரிகளும் ஒரு முயலும் காவலுக்கு நின்றன.

முதல் தடவை கருவாயனே காயைக் கவ்வி வந்தான். மாடத்தி அவன் பின்னங்காலைப் பிடித்தாள். உடும்புப் பிடி என்றால் சும்மாவா? அவனால் ஓர் அடி நகர முடியவில்லை.

பலம் பலிக்காத இடத்தில் பன்றிக்கும் புத்தி வரும். அடுத்த தடவை கருவாயன் வெறும் வாயோடு ஓடி வந்தான். "காய் என்கிட்டே! முடிஞ்சாப் பிடி!" என்று கத்தினான். மாடத்தி பாய்ந்து பிடித்தாள். கீரிகளும் அவன் மேலேயே விழுந்தன. ஓரமாக வேறொரு பன்றி காயோடு பாதித் தூரம் போய்விட்டது. நல்லவேளை, முயல் அதன் காலுக்குள் புகுந்து இடறிவிட்டது.

மூன்றாம் தடவையும் அதே கதை. புற்றுக்கு இன்னும் பத்தடிதான்!

மாடத்தி அழுதேவிட்டாள். "பிடிச்சா எனக்குச் சட்டுன்னு விட வராதே! என் பிடியே என் பிள்ளைங்களுக்கு எமனாச்சே!"

முயல் அவளை ஒட்டி உட்கார்ந்தது. "அழாதே அக்கா. காதுதான் பெரிசு, மூளை இல்லைன்னு என்னைக் கேலி பண்ணுவாங்க. அந்தக் காதாலேதான் கேட்டேன். வாயிலே காய் இருக்கிறவன் எப்படிக் கத்துவான்? கத்துறவன்கிட்டே காய் இல்லை! எல்லாரும் அவங்கவங்க இடத்திலேயே நில்லுங்க. வாய் திறக்காதவனைப் பாருங்க!"

நாலாம் தடவை. கருவாயன் காடே அதிரக் கத்தினான். கீரிகளுக்குக் கால் பரபரத்தது. ஆனாலும் நின்ற இடம் நகரவில்லை. மாடத்திதான் பாவம், பழக்கதோஷம்! அவன் கால் ஏற்கெனவே அவள் வாயில் இருந்தது.

"காய் என்கிட்டே!" என்ற கூச்சல் அவள் காதருகே கேட்டது. அந்தப் பக்கம் ஒரு குட்டைப் பன்றி சத்தமே இல்லாமல் புற்றை நோக்கிப் போனது.

எந்த உடும்பும் செய்யாததை மாடத்தி செய்தாள். பிடியை விட்டாள்!

கீரிகள் வழியை மறிக்க, குட்டைப் பன்றி ஒரு கணம் தயங்கியது. அதற்குள் மாடத்தி அதன் காலைக் கவ்விவிட்டாள். புற்றுக்கு ஒரு சாண்தான் பாக்கி! விளாங்காய் நழுவி உருண்டு குளத்தில் விழுந்தது.

"உடும்பு விடும்னு யாருடா கண்டா!" என்று காலைத் தடவிக்கொண்டே கருவாயன் கூட்டத்தோடு நடையைக் கட்டினான்.

முயல் தன் நீளக் காதைப் புற்றில் வைத்துக் கேட்டது. "அக்கா, இங்கே வா! உள்ளே யாரோ முட்டை ஓட்டைக் கீறுறாங்க!"

மாடத்தி ஓடிவந்து புற்றை ஆசையோடு முகர்ந்து பார்த்தாள்.

இறுகப் பிடிப்பது பலம்தான். தப்பாகப் பிடித்துவிட்டோம் என்று தெரிந்ததும் விட்டுவிடுவதே அதைவிடப் பெரிய பலம்.