பன்றி முட்டிய வண்டி

மூங்கில் காட்டை நடுவில் அறுத்துக்கொண்டு ஒரு தார் ரோடு போனது. ரோட்டுக்கு அந்தப் பக்கம் கிழங்குக் காடு. இந்தப் பக்கம் குளம். காட்டுப்பன்றி தினமும் காலையில் கிழங்கு தோண்டித் தின்றுவிட்டு, ரோட்டைத் தாண்டித் தண்ணீருக்கு வரும்.

அன்று தாண்டும்போது ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது.

படார் என்று ஒரு சத்தம். பன்றி ஒரு பக்கம் உருண்டது. வண்டி சறுக்கிக்கொண்டே போய்ப் பள்ளத்தில் சாய்ந்தது. ஓட்டி வந்தவன் புல்லில் விழுந்து எழுந்தான். வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். தூக்கிப் பார்த்தான், முடியவில்லை. பிறகு அந்த வழியாக வந்த பஸ்ஸில் ஏறிக் கீழே ஊருக்குப் போய்விட்டான்.

பஸ் சத்தம் அடங்கியதும் புதர்கள் அசைந்தன.

முதலில் வந்தது கீரி. கீரிக்கு எதையும் மோந்து பார்க்காமல் இருக்க முடியாது. அடுத்து மரத்திலிருந்து குரங்கு இறங்கியது. குரங்குக்கு எதைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. கடைசியாகப் பன்றி வந்தது. மெதுவாக, தலையை நிமிர்த்தி, ஒன்றுமே நடக்காதது போல வந்தது.

“செத்துப்போச்சு!” என்றது குரங்கு. “தலைவரே, ஒரே முட்டு! கண்ணைப் பாருங்க, தூள்தூளா உடைஞ்சிருக்கு. கொம்பு ரெண்டும் கோணிப்போச்சு. பயத்துல மூத்திரம்கூடப் போயிருக்கு.”

ஹெட்லைட்டைத்தான் குரங்கு கண் என்றது. கொம்பு என்றது ஹேண்டில்பாரை. டேங்க்கிலிருந்து பெட்ரோல் சொட்டிக்கொண்டிருந்தது.

கீரி சொட்டு விழுந்த இடத்தை மோந்தது. இரண்டு தடவை தும்மியது.

“மூத்திரம் இப்படி நாறாது.”

“உனக்கு என்னடா தெரியும்?”

“தெரியாது. தெரியாததனாலதானே மோந்து பார்க்கிறேன்.”

கீரி வண்டியின் வயிற்றை மூக்கால் தொட்டது. சுட்டது. துள்ளிப் பின்வாங்கியது. உள்ளே டிக், டிக் என்று ஏதோ மெதுவாகச் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“செத்ததுக்கு இவ்வளவு சூடு இருக்குமா?”

“இப்பத்தானே செத்தது. ஆறணும்ல?” என்றது குரங்கு.

“சரி. செத்திருந்தா ஈ மொய்க்கணுமே. ஒரு ஈயைக்கூடக் காணோம்.” கீரி சுற்றும் முற்றும் பார்த்தது. “ஈ எல்லாம் பன்னி அண்ணன் மேலதான் உட்கார்ந்திருக்கு.”

பன்றி உடம்பைச் சிலிர்த்து ஈக்களை விரட்டியது. “நான் சேத்துல புரள்றவன். ஈ வரத்தான் செய்யும்.”

கீரி வண்டியை இன்னொரு சுற்று வந்தது. கால் வைக்கும் இரும்பு பின்பக்கமாக வளைந்திருந்ததைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டது. அதைப் பல்லால் கடித்து இழுத்தது. அசையவில்லை.

“இதைப் பாருங்க. எவ்வளவு கெட்டியா இருக்கு! இதையே வளைக்கிற அடின்னா, மறுபக்கம் இருந்தது என்ன ஆகியிருக்கும்?”

“மறுபக்கம் இருந்தது நான்,” என்றது பன்றி பெருமையாக.

“அதைத்தான் அண்ணே நானும் கேக்கிறேன்.”

பன்றி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

உண்மை என்னவென்றால், மேலே அப்பியிருந்த சேற்றுக்குள் பன்றியின் வலது தோள் கிழிந்திருந்தது. உள்ளே எலும்பு எங்கேயோ நகர்ந்திருந்தது. மூச்சை இழுத்தால் விலாவில் குத்தியது. ஆனால் சொல்ல முடியுமா? அந்தக் குளத்தில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்குப் பலம் அதிகமோ அவருக்குத்தான் முதல் தண்ணீர், நாவல் மர நிழலில் இருக்கிற குளிர்ந்த சேறும் அவருக்குத்தான். அடிபட்டேன் என்று வாயைத் திறந்தால் அந்த இடம் போய்விடும் என்று பன்றிக்குப் பயம்.

அதற்குள் செய்தி பரவி மான்கள் வந்தன. மயில் வந்தது. குரங்கு வந்தவர்களுக்கெல்லாம் கதையை முதலிலிருந்து சொன்னது. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் வண்டி கொஞ்சம் பெரிதானது.

வெயில் ஏறியபோது ரோட்டில் ஒரு சரக்கு ஆட்டோ வந்து நின்றது. எல்லாம் புதருக்குள் பதுங்கின. ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவன் காலையில் விழுந்த வண்டிக்காரன், பெயர் நஞ்சுண்டன். இன்னொருவர் மெக்கானிக் ஜாபர் பாய்.

“பாருங்க பாய்,” என்று நஞ்சுண்டன் ஆரம்பித்தான். “ஹெட்லைட் போச்சு. இண்டிகேட்டர் போச்சு. டேங்க்ல பள்ளம் விழுந்திருச்சு. ஃபுட்ரெஸ்ட் வளைஞ்சிருச்சு. வண்டி எடுத்து ரெண்டு மாசம்தான் ஆகுது பாய்.”

“மூச்சு விட்டுட்டுச் சொல்லுப்பா. தூக்குவோம், அந்தப் பக்கம் பிடி.”

நஞ்சுண்டன் வலது கையால் மட்டும் பிடித்தான்.

“இன்னொரு கை எங்க? வீட்டுல வெச்சுட்டு வந்துட்டியா?”

“சும்மா சுளுக்கு பாய். நீங்க வண்டியைப் பாருங்க.”

எப்படியோ வண்டியை நிமிர்த்தினார்கள். ஜாபர் பாய் முன்சக்கரத்தை இரண்டு முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“லேசாத் திரும்பியிருக்கு. நேராக்கிடலாம். கிளட்சைப் பிடி பார்ப்போம், கேபிள் வேலை செய்யுதான்னு.”

நஞ்சுண்டன் இடது கையைக் கிளட்சின் மேல் வைத்தான். விரல்கள் மடங்கவில்லை. பல்லைக் கடித்தான். அப்போதும் மடங்கவில்லை.

“கேபிள் டைட்டா இருக்கு பாய்.”

ஜாபர் பாய் ஒற்றை விரலால் கிளட்சை இழுத்தார். வெண்ணெய் போல வந்தது.

“கேபிள் நல்லாத்தான் இருக்கு,” என்றார். நஞ்சுண்டனின் சட்டைக் கையை மேலே தள்ளினார். மணிக்கட்டு மரவள்ளிக்கிழங்கு மாதிரி வீங்கி, நீலம் பாய்ந்திருந்தது.

“ஏம்பா, வண்டியில இருக்கிற ஒவ்வொரு கீறலையும் சொன்னே. இதைச் சொல்லவே இல்லையே?”

“வண்டியை முதல்ல கடைக்குக் கொண்டுபோயிட்டு…”

“வண்டி பத்து நாள் இங்கேயே நின்னாலும் இதே மாதிரிதான் நிக்கும். உன் கை அப்படி இருக்காது. பேசாம ஏறு.”

வண்டியை மர நிழலில் நிறுத்திப் பூட்டிவிட்டு, ஜாபர் பாய் நஞ்சுண்டனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

ஆட்டோ மறைந்ததும் குரங்கு ரோட்டில் குதித்து ஆடியது.

“பார்த்தீங்களா தலைவரே! வண்டியைப் போட்டுட்டே ஓடிட்டாங்க. ஆனா மறுபடியும் எழுந்து நிக்குது பாருங்க, திமிரு! இத்தனை பேர் கூடியிருக்கோம். எங்க கண்ணு முன்னால இன்னொரு முட்டு முட்டுங்க!”

மான்கள் கழுத்தை நீட்டின. மயில் மரக்கிளைக்கு ஏறி இடம் பிடித்தது. பன்றிக்கு வேறு வழி தெரியவில்லை. வண்டியைப் பார்த்தபடி பத்தடி பின்னால் போனது. விலாவில் ஏதோ முறுக்கியது. இந்தத் தோளோடு அந்த இரும்பில் இன்னொரு தடவை மோதினால் எழுந்திருக்க மாட்டோம் என்று அதற்கு நன்றாகத் தெரிந்தது. தெரிந்தும் தலையைத் தாழ்த்தியது.

கீரி ஓடிவந்து வண்டிக்கும் பன்றிக்கும் நடுவில் நின்றது.

“நகருடா,” என்றது பன்றி.

“நகர்றேன் அண்ணே. முட்டுறதுக்கு முன்னால நீ எப்பவும் மண்ணைக் கீறுவியே, அதைப் பக்கத்துல இருந்து பார்க்கணும்னு ரொம்ப நாளா ஆசை. ஒரே ஒரு தடவை கீறிக் காட்டு.”

பன்றி இடது காலால் கீறியது.

“இடது இல்லை அண்ணே. வலது.”

பன்றி வலது காலைத் தூக்கப் பார்த்தது. குளம்பு தரையை விட்டு எழவில்லை. இன்னொரு முறை பார்த்தது. தோளிலிருந்து ரத்தம் வழிந்து கால் வழியாக மண்ணில் இறங்கியது. இப்போது எல்லோரும் பார்த்தார்கள்.

“மண்ணு கெட்டியா இருக்கு,” என்றது பன்றி.

கீரி தன் சின்னக் காலால் அதே இடத்தைக் கீறியது. புழுதி பறந்தது.

“மண்ணு நல்லாத்தான் இருக்கு அண்ணே.”

குரங்குகூடப் பேசவில்லை. பன்றி தன் வலது காலைக் குனிந்து பார்த்தது.

“வலிக்குது,” என்றது.

“எங்கே?” என்றது கீரி.

“தோள்ல. மூச்சு விட்டா விலாவுல.”

“அப்ப எதுக்கு நின்னுக்கிட்டிருக்கே? சேத்துல போய்ப் படு.”

பன்றி மூன்று காலால் குளத்துக்கு நடந்தது. மான்கள் வழிவிட்டன. இடம் போய்விடும் என்று அது பயந்ததல்லவா? போகத்தான் செய்தது. மறுநாளே மலைக்கு அந்தப் பக்கத்துப் பன்றி ஒன்று வந்து முதல் தண்ணீரைக் குடித்தது. நாவல் மர நிழலும் அதற்கே போனது. நம் பன்றி வெயில் படுகிற ஓரத்தில், வெதுவெதுப்பான சேற்றில், கழுத்தளவு புதைந்து கிடந்தது. குரங்கு புதிய பன்றியைத் தலைவரே என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது. ஆனால் நான்காம் நாள் மூச்சை முழுதாக இழுத்துப் பார்த்தபோது விலாவில் குத்தவில்லை.

அன்றுதான் ரோட்டில் மறுபடியும் ஆட்டோ வந்தது. நஞ்சுண்டன் கையில் மாவுக்கட்டு இருந்தது. ஜாபர் பாய் கூட்டி வந்த ஆட்கள் வண்டியை ஏற்றினார்கள். நஞ்சுண்டன் வண்டிப் பக்கம் பார்க்கவில்லை. புதர்ப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான்.

“பாய், அந்தப் பன்னி என்ன ஆகியிருக்கும்?”

“ரோட்டுல கிடக்கலையே. நடந்துதான் போயிருக்கும்.”

“நடந்துபோய்த்தான் பாய் நானும் பஸ் ஏறினேன்.”

ஜாபர் பாய் அவன் பார்த்த பக்கமே தானும் பார்த்தார். சேற்றுக்குள் கிடந்த பன்றி ஒரு காதை மட்டும் தூக்கி, அந்தக் குரல்கள் போகும்வரை கேட்டுக்கொண்டிருந்தது.

அடிபட்ட பிறகு, உடைந்த பொருளையும் உடைந்துவிடுமோ என்று நாம் பயப்படும் நல்ல பெயரையும் பார்ப்பதற்கு முன்னால், வலிக்கிற உடம்பைப் பார்த்து வலிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும்.